எந்தப் பங்கு? யாருடைய பணம்?

முன்பெல்லாம் மாத்தளைக் கடைவீதியிலே பெரியவர் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு மழையிலே தொடங்கி மிளகு விலையிலே முடியும். மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்று இம்மாவட்டத்து மண் எதை விளைவித்ததோ, அதன் விலையே ஊரின் பேச்சாக இருந்தது. இன்று அந்தப் பேச்சோடு வேறொரு பேச்சும் சேர்ந்துவிட்டது. வேகமாக வளரும் கம்பனிகளின் பங்குகளுள் எதை வாங்கலாம், மின்சாரத்தால் ஓடும் வாகனங்களைச் செய்யும் கம்பனிகளுள் எது முன்னுக்கு வரும் என்று இளைஞர் பலர் வாதிடுகின்றனர். கையிலுள்ள தொலைபேசியிலேயே கணக்குத் திறந்து பங்கு வாங்கும் வசதி வந்தபின், அதற்காகக் கொழும்புக்குப் பயணம் செய்யவேண்டியதும் இல்லை.

இதில் இகழ்வதற்கு எதுவுமில்லை. பங்கு என்றாலே சூதாட்டம் என்று தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது. ஒரு தொழிலின் உடைமையிற் சிறு கூறே பங்கு எனப்படுவது. தொழில் ஆதாயம் பெற்றால் அதில் ஒரு பகுதி பங்கிலாபமாக நமக்கு வரலாம். தொழில் நொடித்தால் நாம் இட்ட பணமும் அதனோடு போகலாம். இவ்வளவுதான் அதன் தத்துவம். ஆயினும், “எந்தப் பங்கை வாங்குவது?” என்ற வினாவை நம்மவர் முதல் வினாவாகக் கேட்கின்றனர். அது இரண்டாம் வினாவென்றே நாம் கருதுகிறோம். முதல் வினா வேறொன்று உண்டு. அதனைச் சொல்லுமுன், நாம் குடியிருக்கும் இம்மலைகள் சொல்லும் கதையைச் சற்றுக் கேட்போம்.

1840 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இலங்கையில் எல்லோருடைய வாயிலும் இருந்த சொல் கோப்பி. காட்டு நிலத்தை ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு அரசாங்கம் விற்றது. தோட்டக்காரர் மட்டுமன்றி, நீதிபதிகளும் படையதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் வாங்கினர். கோப்பி நல்ல பயிர். உலகம் அதனை விரும்பிக் குடித்தது. இம்மலைகளில் அது செழித்து வளர்ந்தது. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆனால் பிரித்தானியா பிற நாட்டுக் கோப்பிமீதான தீர்வையைக் குறைத்தது. 1847 இல் அங்கே பணநெருக்கடியும் வந்தது. விலை வீழ்ந்தது. கடன்பட்டுத் தோட்டம் திறந்தவர்கள் அவற்றை வந்த விலைக்கு விற்றனர். சிலர் அப்படியே கைவிட்டுச் சென்றனர்.

அந்த வீழ்ச்சி தோட்டம் வாங்கியவனோடு நிற்கவில்லை. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளையை வந்தடைந்த நம் முன்னோருட் பலர், உழைத்த கூலியைப் பெறாமலே தவித்தனர். வருமானம் குன்றிய அரசாங்கம் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் புதிய வரிகளை விதித்தது. 1848 ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு அவ்வரிகள் ஒரு காரணமாயின. இலண்டன் சந்தையில் ஒரு விலை இறங்கியது. கோப்பியில் ஒரு சதமும் போடாத குடியானவன் வீட்டு வாசலில் அதன் துன்பம் வந்து நின்றது. இதை மறவாதிருப்போம்.

கோப்பி மீண்டும் எழுந்தது. முன்னிலும் பெரிதாக எழுந்தது. ஆனால் 1869 இல் இலையிலே செம்மஞ்சட் புள்ளியாக ஒரு நோய் தோன்றிற்று. விலை உயர்ந்திருந்தமையால் அந்நோயின் கொடுமை சில ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. விளைச்சல் குறைந்தாலும் பணம் வந்துகொண்டிருந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880 இல் திறக்கப்பட்டது. கோப்பியை ஏற்றிச் செல்வதற்கென்று எதிர்பார்க்கப்பட்ட பாதை அது. வண்டி வந்து சேர்ந்தபோது கோப்பி மடிந்துகொண்டிருந்தது! தோட்டங்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் கதவை மூடியது. வளருகின்ற தொழிலைப் பார்த்துப் பணம் போடுபவன், வளர்ச்சி எப்போது முடிகிறது என்பதைக் கடைசியாகவே அறிகிறான் என்பதற்கு நம் ஊர்ப் புகையிரதப் பாதையைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமோ?

கோப்பிக்குப்பின் தேயிலை வந்தது. தேயிலைத் தோட்டங்களைத் திறக்க முதல் வேண்டும். அம்முதலைத் திரட்டக் கம்பனிகள் தோன்றின. அக்கம்பனிகளின் பங்குகளை விற்கவும் வாங்கவும் 1896 இல் கொழும்பிலே தரகர் சங்கமொன்று அமைந்தது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தைக்கு அதுவே வித்து. ஆகவே பங்கு வியாபாரம் நமக்குப் புதிதன்று. இம்மலைகளே அக்காலத்து “வளர்ச்சிப் பங்கு”களாக விளங்கின.

அடுத்து வந்தது இறப்பர். மாத்தளைப் பள்ளத்தாக்கிலும் இறப்பர் மரங்கள் எழுந்தன. அப்போது உலகிற் புதிதாக வந்த அதிசயம் மோட்டார்க் கார். காருக்குச் சக்கரம் வேண்டும்; சக்கரத்துக்கு இறப்பர் வேண்டும்; ஆகவே இறப்பர்க் கம்பனியின் பங்கை வாங்கு என்று இலண்டன் மாநகரம் முழுவதும் பித்துக்கொண்டு அலைந்தது. 1910 ஏப்ரிலில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. மோட்டார்க் கார் பெருகும் என்று சொன்னவர்களின் சோதிடம் பொய்த்ததா? இல்லை. அவர்கள் நினைத்ததினும் அதிகமாகப் பெருகியது. ஆனால் எங்கும் புதிய மரங்கள் நாட்டப்பட்டன. 1921 இல் விலை ஒரு ஷில்லிங்குக்குக் கீழே இறங்கிற்று; 1932 இல் மூன்று பென்ஸுக்கும் கீழே போயிற்று. தொழில் வென்றது, உச்ச விலையிற் பங்கு வாங்கியவன் தோற்றான். இரண்டும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதே மாணவர்கள் இங்குக் கற்கவேண்டிய பாடம்.

இனி மின்வாகனத்துக்கு வருவோம். இதனை இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கின்றனர். அன்று. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட மோட்டார் வாகனங்கள் 4,192. அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெற்றோலால் ஓடியவை 936 மட்டுமே. அந்த ஆண்டில் அறிவுள்ள முதலீட்டாளர் மூவர் கூடி வாதிட்டிருந்தால், பெற்றோல் வண்டிக்கு ஒருவரேனும் வாக்களித்திருப்பாரோ என்பது ஐயமே. எட்டு ஆண்டுகளில் ஃபோர்ட் கம்பனியின் மலிவான கார் வந்தது. 1912 இல் கையால் சுழற்றாமலே இயந்திரத்தை இயக்கும் வசதியும் வந்தது. மின்சார வண்டி பின்னடைந்தது. அது திரும்பி வர ஏறக்குறைய நூறாண்டு சென்றது.

திரும்பி வந்த கதையிலும் வெற்றியும் வீழ்ச்சியும் கலந்தே இருக்கின்றன. டெஸ்லா கம்பனி 2010 ஜூன் மாதத்திற் பங்கொன்று 17 டொலராகப் பொதுமக்களுக்கு விற்றது. அன்று வாங்கி வைத்திருந்தவர்கள் பெருஞ் செல்வராயினர். ஆனால் அதே பங்கு 2022 ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கு ஏறக்குறைய 65 பங்கு விலை இழந்தது. 2021 நவம்பர் உச்சத்தில் வாங்கியவர் தம் பணத்தைத் திரும்பக் காண 2024 டிசம்பர் வரை மூன்றாண்டுகள் காத்திருந்தார். நிக்கோலா என்றொரு கம்பனி, ஒரு வண்டியும் விற்குமுன்னரே, 2020 ஜூனில் சந்தை மதிப்பிலே ஃபோர்ட் கம்பனியையும் மிஞ்சிச் சில நாள் நின்றது. அதன் பாரவண்டி வீதியில் ஓடுவதாக வெளியிட்ட படத்தில், வண்டி சரிவிலே உருண்டு வந்ததேயன்றித் தன் வலியால் ஓடவில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. மலைநாட்டு மக்களாகிய நாம் அறியாததா? சரிவிலே விட்டால் இயந்திரமில்லாத வண்டியும் ஓடும்! அதன் தாபகரை 2022 இல் நீதிமன்றம் மோசடிக் குற்றவாளியெனக் கண்டது. 2025 இல் அவருக்கு அமெரிக்க சனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது. கம்பனியோ அதே ஆண்டு பெப்ரவரியில் வங்குரோத்து மனுச் செய்தது. பங்கு வாங்கிய சாதாரண மக்களுக்கு மன்னிப்பாற் பயன் என்ன?

மற்றொரு புறமும் பார்ப்போம். சீனாவின் பீ.வை.டி. கம்பனியிலே அமெரிக்கச் செல்வர் வாரன் பஃபெட்டின் நிறுவனம் 2008 இல் பங்கொன்று 8 ஹொங்கொங் டொலராக 22 கோடியே 50 இலட்சம் பங்குகளை வாங்கிற்று. விற்கத் தொடங்கியது 2022 இல். இடையிலே பதினான்கு ஆண்டுகள்! விலை பன்மடங்கு ஏறியது. பல முறை பாதியாகவும் இறங்கியது. அந்நிறுவனம் அசையாது நின்றதன் இரகசியம் யாது? நாளைக்கு அரிசி வாங்கவேண்டிய பணத்தை அது அங்கே போடவில்லை என்பதே.

நமது சந்தையிலும் இதையே கண்டோம். போர் முடிந்தபின் ஏறத் தொடங்கிய கொழும்பு விலைச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தாண்டிற்று. பின்னர் வீழ்ந்தது, அந்த உயரத்தை மீண்டும் காண 2021 வரை, ஏறக்குறையப் பத்தாண்டு, சென்றது. 2022 ஜனவரியில் 13,000 ஐயும் கடந்தது. ஏப்ரிலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நின்றபோது சந்தையை ஐந்து வேலை நாட்கள் மூடிவைக்க நேர்ந்தது. ஆண்டு முடிவிற் சுட்டெண் 8,500 அளவிலே நின்றது. 2025 இலோ அது 20,000 ஐத் தாண்டியது.

இவ்விலக்கங்களை ஊன்றிப் பாருங்கள். 2022 இன் தொடக்கத்தில் இருவர் ஒரே வகையான பங்குகளை ஒரே விலைக்கு வாங்கினர் என்று கொள்வோம். ஒருவர் தமது மிகுதிப் பணத்தால் வாங்கினார், விலை வீழ்ந்தபோது வருந்தினார், ஆயினும் பொறுத்திருந்தார். மற்றவர் தரகரிடம் கடன்பெற்று வாங்கினார். தம்முடையது ஓர் இலட்சம், கடன் ஓர் இலட்சம். விலை பாதியானதும் அவருடைய இலட்சம் முழுவதும் போயிற்று. வட்டி மட்டும் எஞ்சிற்று. விற்க மறுத்தாலும் கடன் கொடுத்தவர் விடமாட்டார். பங்கு ஒன்றே, விலை ஒன்றே, காலமும் ஒன்றே. ஒருவர் மீண்டார், மற்றவர் அழிந்தார். வேறுபாடு பங்கிலா இருந்தது? பணத்திலன்றோ இருந்தது!

“அப்படியானால் வங்கியிலே போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் முழுப் பாதுகாப்பன்று. 2022 செப்டம்பரிற் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக ஏறியது. வைப்புப் புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை. அந்த இலக்கம் வாங்கித்தந்த மாவும் மருந்தும் குறைந்தன. ஆகவே, பங்கு கூடாது என்பது நம் கருத்தன்று. எந்தப் பணம் பங்குக்கு உரியது என்பதை அறியவேண்டும் என்பதே நம் கருத்து.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தோட்டக் காரியாலயத்திற் பல்லாண்டு வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர்; ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்திருக்கிறது. கொழும்பிலே வேலை செய்யும் மருமகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான்.

“மாமா, காரீயக் கம்பனிப் பங்கை வாங்குங்கள். மின்வாகனத்துப் பற்றரிக்குக் காரீயம் இன்றியமையாதது. உலகத்திலே மிகத் தூய காரீயம் நம் நாட்டிலல்லவா கிடைக்கிறது?” என்கிறான் அவன்.

“தம்பி, எனக்கு ஜோன் கீல்ஸ் பங்கே நல்லதென்று படுகிறது. பீ.வை.டி. வாகனங்களை இங்கே விற்பவர்கள் அவர்கள்தாமே? 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியாருக்கும் 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்” என்கிறார் மாமா.

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் முழுமை இல்லை. போகலைச் சுரங்கத்துக் காரீயம் மிகத் தூயது என்பது உண்மை. அதனை அகழும் கம்பனி கொழும்புச் சந்தையில் இருப்பதும் உண்மை. ஆயின் உலகம் ஆண்டுதோறும் அகழ்வது பத்து இலட்சம் தொன்னுக்கு மேல். நம் நாடு முழுவதும் அகழ்வது சில ஆயிரம் தொன்னே. பற்றரிக்குச் செல்லும் காரீயத்திற் பெரும்பகுதி சீனாவிலே பக்குவப்படுத்தப்படுவது. ஜோன் கீல்ஸ் 1870 இலே தரகு வியாபாரமாகத் தொடங்கிய பழைய நிறுவனம். ஹோட்டல், துறைமுகம், பல்பொருள் அங்காடி என்று பல தொழில்கள் அதற்கு உண்டு. வாகன விற்பனை அவற்றுள் ஒன்று. அதன் பங்கை வாங்குபவர் மின்வாகனத்தை மட்டும் வாங்குவதாக எண்ணுவது பிழை. நேராக டெஸ்லாவையோ பீ.வை.டி.யையோ வாங்கலாமே எனின், பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் உண்டு. “நான் வாங்கித் தருகிறேன்” என்று தொலைபேசியிற் சொல்லும் அறிமுகமற்றவரை நம்பி அவ்விதிகளைக் கடக்க முயல்வது கிணற்றிலே பணம் போடுவதற்கு ஒப்பாகும்.

வாதம் வளர்கிறது. இதுவரை சமையலறையில் இருந்த அத்தை வந்து நிற்கிறார். “காரீயமோ காரோ, எதையாவது வாங்குங்கள். அந்தப் பணத்திலே சின்னவளின் படிப்புக்கு எவ்வளவு, உங்கள் கண் சிகிச்சைக்கு எவ்வளவு, கூரை மாற்ற எவ்வளவு என்று முதலிற் சொல்லுங்கள். மீதியைப் பற்றிப் பிறகு பேசலாம்” என்கிறார்.

இதுவே நாம் சொல்லவந்த முதல் வினா. பொருளாதார நூல் படித்தவர் இருவர் கேளாத வினாவை, மாதச் செலவைக் கணக்கிட்டு நடத்துபவர் கேட்டார். குடும்பப் பணத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. மகளின் படிப்பு என்று ஒரு பகுதி. மருந்து என்று ஒரு பகுதி. வீட்டு வாடகை என்று ஒரு பகுதி. பெயருள்ள பணம் பங்குச் சந்தைக்கு உரியதன்று. குறைந்தது ஆறு மாதச் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கி, கடனை அடைத்து, பெயருள்ள பணத்தையெல்லாம் பிரித்து வைத்தபின், ஐந்தாறு ஆண்டு தொடாமல் இருக்கக்கூடிய மீதி எதுவோ, அதுவே பங்குக்கு உரியது. மனைவியின் நகையை அடகுவைத்து, அதுவும் அவளறியாமல் வைத்து, வாங்கும் பங்கு எத்துணை உயர்ந்த பங்காயினும் ஆகாது.

முதல் வினாவுக்கு விடை கிடைத்தபின் இரண்டாம் வினாவுக்குச் செல்லலாம். அங்கும் மாணவர்கள் பயிலத்தக்க கணக்குகள் இரண்டு உண்டு. ஒரு பங்கின் விலை 100 ரூபா. அக்கம்பனி பங்கொன்றுக்கு ஆண்டில் ஈட்டும் ஆதாயம் 5 ரூபா. ஆதாயம் வளராவிடின், நீங்கள் கொடுத்த விலையை ஈட்ட அதற்கு 20 ஆண்டு செல்லும். அதே ஆதாயமுள்ள பங்கை 500 ரூபாவுக்கு வாங்கினால் 100 ஆண்டு! “வளரும் கம்பனி” என்று சொல்பவரிடம், எவ்வளவு வளரவேண்டும் என்று கேளுங்கள். மற்றக் கணக்கு இது: 100 ரூபாப் பங்கு பாதியாகி 50 ஆனால், மீண்டும் 100 ஆவதற்கு அது இருமடங்காக ஏறவேண்டும். 35 ஆனால் ஏறக்குறைய மும்மடங்காக ஏறவேண்டும். இறக்கம் எளிது, ஏற்றம் அரிது. மலைநாட்டாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எல்லாப் பணத்தையும் ஒரே கம்பனியில் இடாதிருங்கள். கோப்பி ஒன்றையே நம்பியவன் அழிந்தான். கோப்பி நிழலிலே கொக்கோவும் மிளகும் நட்டவன் தப்பினான். கம்பனியின் ஆண்டறிக்கையை வாங்கிப் படியுங்கள். விளங்காத தொழிலிற் பணம் இடாதீர்கள். நண்பர்களைச் சேர்த்துவிட்டால் ஆதாயம் என்று சொல்லப்படுவது பங்கே அன்று. அத்தகைய பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டம் தடைசெய்துள்ளது.

மின்வாகனம் வளரும் என்பதிலே நமக்கு ஐயமில்லை. நாளை மாத்தளை வீதிகளிலும் அவை ஓசையின்றி ஓடும். அவற்றைச் செய்யும் கம்பனிகளுள் எது நிலைக்கும், எது மறையும் என்பதை இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் உங்கள் வீட்டுப் பணத்தில் எது யாருக்கு உரியது என்பதை இன்றிரவே உறுதியாகச் சொல்லலாம். அதற்குத் தரகர் வேண்டாம், சோதிடர் வேண்டாம். குடும்பத்தார் அனைவரும் ஒருங்கிருந்து ஒரு தாளிலே எழுதிப் பாருங்கள். பங்கின் பெயரைக் கேட்குமுன் பணத்தின் பெயரைக் கேளுங்கள். பெயரில்லாத பணம் சிறிதாயினும் இருந்தால், அதனோடு சந்தைக்குச் செல்லுங்கள். அது போனாலும் வீட்டிலே விளக்கு எரியும். வளர்ந்தால், அந்த விளக்கின் ஒளி சற்றே கூடும்.